பொயிலரை மாற்றினோம், குழாய்களை விட்டுவைத்தோம்



தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட பக்கங்களில் பழைய வீடுகளில் குடியிருக்கும் உறவுகளுக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர்ப் பொயிலரை மாற்றிய விஷயத்தைப் பலர் கேட்டுவிட்டார்கள். பாடசாலையில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், சாமான் வாங்கப் போன கடையிலும் கேட்டார்கள். "எல்லாத்தையும் உடைச்சுப்போட்டு நல்ல கீசர் ஒன்றைப் பூட்டியிருக்கலாமே, ஏன் அந்தக் காலத்துக் குழாய்களை வைத்துக்கொண்டு இருக்கிறீங்க?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

எங்கள் பதில் இதுதான். பழையது வேறு, பழுதானது வேறு. எங்கள் வீட்டில் பழுதாகியிருந்தது அடுப்புக்குப் பின்னால் இருந்த ஒரு பெட்டி மட்டுமே. மற்றதெல்லாம் பழையவை. ஆனால் வேலை செய்துகொண்டிருந்தன. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சில வாரங்கள் பிடித்தன. உங்கள் வீட்டில் இதே கேள்வி வரும்போது உங்களுக்கு அவ்வளவு நாள் பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் வீட்டைப் பற்றி. எங்கள் மூத்தவாப்பா இதை வாங்கியது 1960களில். அதற்கு முன்னர் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்த வீடு. இந்த மலைகளின் கதை உங்களுக்குத் தெரியும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெயிலர் 1852இல் இலங்கைக்கு வந்தார். 1867இல் இங்கே பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892இல் அங்கேயே இறந்து, கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கப்பட்டார். அவர் வாழ்ந்த மரவீடு இன்று இல்லை. அதன் புகைக்கூட்டின் எச்சம்தான் நிற்கிறது. குளிர் நாட்டில் இருந்து வந்தவர்கள் வீடு கட்டும்போது அடுப்பையும் புகைக்கூட்டையும் எவ்வளவு கவனமாகக் கட்டினார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

எங்கள் வீட்டைக் கட்டியவரும் அப்படித்தான் கட்டியிருந்தார். குசினியில் செங்கல்லால் கட்டிய விறகடுப்பு. நெருப்பு எரியும் இடத்துக்குப் பின்னால் சுவருக்குள் ஒரு பெட்டி. அதுதான் பொயிலர். அந்தப் பெட்டியில் இருந்து இரண்டு செப்புக் குழாய்கள் சுவரோடு மேலே ஏறுகின்றன. நடு அறையில் ஓர் அலமாரி. அதற்குள் உயரத்தில் 25 கலன், அதாவது ஏறக்குறைய 114 லீற்றர் பிடிக்கும் ஒரு செப்புத் தாங்கி. அங்கிருந்து ஒரு குழாய் குளியலறைக்கும், இன்னொன்று வுழூச் செய்யும் இடத்துக்கும், மற்றொன்று குசினித் தொட்டிக்கும் போகின்றன. மேலே, கூரைக்குக் கீழே, ஒரு சின்னக் குளிர்தண்ணீர்த் தாங்கி. மலையில் இருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் தானாகவே அதில் வந்து நிறைகிறது. அவ்வளவுதான். மோட்டரும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. சோறு கறி ஆக்க எரிக்கும் அதே நெருப்பில் குளிக்கத் தண்ணீரும் சூடாகிவிடும்.

அந்த அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுடுதண்ணீர்த் தாங்கி உள்ளே இருப்பதால் அது எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஒக்டோபரில் மழை பிடித்தால் எங்கள் ஊரில் துணி காய மூன்று நாளாகும். பிள்ளைகள் அரைகுறையாகக் காய்ந்த வெள்ளை யூனிபோர்மோடு நடுங்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் யூனிபோர்ம் அந்த அலமாரியில்தான் காய்ந்தது.

மோட்டர் இல்லாமல் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்று சிலர் கேட்டார்கள். பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் படிக்கும் மேற்காவுகைதான் இது. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை சுமார் 998 கிராம். 60 பாகையில் அதே ஒரு லீற்றரின் நிறை சுமார் 983 கிராம். வித்தியாசம் வெறும் 15 கிராம். பொயிலரில் சூடான தண்ணீர் அந்த 15 கிராம் இலேசாக இருப்பதால் ஒரு குழாய் வழியே மேலே ஏறுகிறது. தாங்கியின் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் பாரமாக இருப்பதால் மற்றக் குழாய் வழியே கீழே இறங்குகிறது. நெருப்பு எரியும் வரை இந்தச் சுற்று நிற்காது. நெருப்பு அணைந்தால் சுற்றும் நின்றுவிடும். தாங்கி பொயிலருக்கு மேலே இருப்பதால் சூடு அங்கேயே தங்கும். இரவுச் சாப்பாட்டுக்கு எரித்த நெருப்பின் சூடு, மறுநாள் சுபஹ் தொழுகைக்கு வுழூச் செய்யும் வரை எங்களுக்குக் கிடைப்பது இதனால்தான். இன்று கூரைகளில் பூட்டும் சோலர் சுடுதண்ணீர்த் தகடுகளில் அநேகமானவையும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. தகட்டுக்கு மேலே தாங்கி இருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

இனி நடந்த விஷயத்துக்கு வருவோம்.

2022ஆம் வருடக் கடைசி மழையில் எங்கள் உம்மாதான் முதலில் கவனித்தா. காலையில் அடுப்பைத் திறந்தால் சாம்பல் ஈரமாக இருந்தது. பிறகு நெருப்பு மூட்டினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "அடுப்பு அழுதுகொண்டு இருக்குது மக்காள்" என்று உம்மா சொன்னா. குளியலறையில் சுடுதண்ணீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கியது. ஜனவரியில் அடுப்பை மூட்டவே முடியாமல் போயிற்று. தண்ணீர் ஒழுகி நெருப்பை அணைத்துவிடும்.

ஜனவரிக் குளிரில் தெல்தோட்டைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்தனையில் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் அதைவிடக் குளிர்ந்த தண்ணீரில் விடியற்காலையில் குளித்துப் பழகியவர்கள் நாங்கள். இளம் உடம்பு தாங்கும். ஆனால் உம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கை விரல் மூட்டெல்லாம் வீங்கி நோகும். சுபஹுக்கு எழும்பிப் பச்சைத் தண்ணீரில் வுழூச் செய்துவிட்டு, விரல்களை மடக்க முடியாமல் தஸ்பீஹைக் கீழே போட்டுவிடுவா. அதைப் பார்த்த பிறகு இது வீட்டுச் சாமான் பிரச்சினையாக எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் இரண்டு கருத்து இருந்தது. கத்தாரில் இருக்கும் நானா, "எல்லாத்தையும் உடைச்சு எறியுங்க. காசு நான் அனுப்புறேன். மூன்று இடத்துக்கும் கீசர் போடுங்க. உம்மா இனி அடுப்பு ஊதக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் அன்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. விறகுப் புகை லேசான விஷயமல்ல. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் பெரும் பாதிப்பு பெண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும்தான்.

பார்க்க வந்த ஒரு இளம் பைப் பாஸும் அதையே சொன்னார். சுவரை உடைத்துச் செப்புக் குழாய்களைக் கழற்ற வேண்டும், தாங்கியையும் விற்றுவிடலாம், செம்பு நல்ல விலை போகும் என்றார். புதிதாகக் குழாய் இழுத்து, மூன்று ஹீட்டர் பூட்டி, அதற்குத் தனி வயர் இழுக்க ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகை எங்கள் பல மாதச் சம்பளம்.

அன்றிரவு மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கை இங்கே தருகிறோம், உங்களுக்கும் உதவும். ஒருவர் குளிக்க 40 லீற்றர் சுடுதண்ணீர் என்று வையுங்கள். 20 பாகைத் தண்ணீரை 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 3,360 கிலோஜூல் சக்தி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆக, ஒரு குளிப்புக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். வீட்டில் ஐந்து பேர் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 140 யூனிட், குளிக்க மட்டும். மின்கம்பிச் சுருளால் சூடாக்கும் கீசரில் எந்த விலை உயர்ந்ததை வாங்கினாலும் இந்தக் கணக்கு குறையாது. தண்ணீரைச் சூடாக்க வேண்டிய சக்தி வேண்டியதுதான்.

எங்கள் மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறை. கூடுதலாகப் பாவித்தால் ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் கூடியது. பின்னர் குறைத்தார்கள் என்றாலும், ஏறுவதும் இறங்குவதும் எங்கள் கையில் இல்லை என்பதை அந்த இரண்டு வருடங்கள் நன்றாகவே படிப்பித்துவிட்டன.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கேஸ் சிலிண்டருக்காக வீதியோரம் வரிசை வரிசையாக நின்றோம். அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் ஒரு பச்சைக் குழந்தை. அதைக் குளிப்பாட்ட அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் எங்கள் குழாயில்தான் வாளியில் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டு போனா. அந்த வரிசையில் நின்ற எங்களுக்கு, கரண்டும் கேஸும் இல்லாமல் வேலை செய்யும் ஒரு பொருளை உடைத்து எறிய மனம் வரவில்லை.

ஆனால் மனம் வராமல் இருப்பது ஒரு காரணமாகாது. குழாய்கள் உண்மையிலேயே நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று தெரிய வேண்டும். அதற்காகத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பிட்டராக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். தோட்டத்தில் லயத்தில் இருப்பவர். அவர் வந்து ஒன்றையும் உடைக்கவில்லை. பொயிலரில் இருந்து இரண்டு குழாய்களையும் கழற்றி மூடி போட்டார். மேல் தாங்கி நிறையத் தண்ணீர் விட்டார். தண்ணீர் வரும் வழியை அடைத்தார். தாங்கியின் உள்பக்கச் சுவரில், தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இனி யாரும் ஒரு பைப்பையும் தொறக்காதீங்க, விடிய வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் அதே கோட்டில் நின்றது. ஒரு துளி இறங்கவில்லை.

"அம்மா, பைப்பு சாகல. பொட்டிதான் செத்துப்போச்சு" என்று உம்மாவிடம் சொன்னார். "ரெண்டையும் சேத்துப் பொதைச்சிராதீங்க."

செத்துப்போன அந்தப் பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்தபோது இன்னொரு விஷயம் தெரியவந்தது. அது வீடு கட்டியபோது வைத்த பெட்டி இல்லை. முதலில் இருந்தது செப்புப் பெட்டியாம். அது ஒழுகிய காலம் 1970களின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குப் பலத்த கட்டுப்பாடு இருந்த காலம். செப்புத் தகடு தேடி அலைந்தும் கிடைக்காமல், மூத்தவாப்பா சாதாரண இரும்புத் தகட்டில் ஒரு பெட்டியை ஒட்டி வைத்திருக்கிறார். உம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நடந்த வேலை. அதனால் அவவுக்கு நினைவிருந்தது. ஆக, பொயிலரை மாற்றிக் குழாய்களை விட்டுவைக்கும் வேலையை இந்த வீடு ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பாகம் தேயும், மற்றவை தேயாது என்று தெரிந்துதான், கட்டியவர் அதைக் கழற்றக்கூடிய மாதிரி வைத்திருக்கிறார்.

பழைய செப்புக் குழாய்களுக்குக் கீழே இரும்புப் பெட்டி வைத்தால் இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும். அந்த இரண்டு உலோகமும் சுடுதண்ணீரில் சேர்ந்தால் அப்படித்தான். அப்படி இருந்தும் அந்தப் பெட்டி நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் உழைத்திருக்கிறது. தடித்த தகடு, ஒவ்வொரு நாளும் நெருப்பு, அல்லாஹ்வின் பரக்கத்.

2023 ஏப்ரல் விடுமுறையில் வேலையைத் தொடங்கினோம். செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். செய்ய நினைப்பவர்கள் கவனமாக வாசியுங்கள்.

பழைய பெட்டியை அளவெடுத்து, அதே அளவில், குழாய் சேரும் துவாரங்கள் அதே இடத்தில் வருமாறு, 3 மில்லிமீற்றர் தடிப்பான கறை பிடிக்காத உருக்குத் தகட்டில் புதிய பெட்டி செய்வித்தோம். செம்பில் செய்வதுதான் மிகவும் நல்லது, ஆனால் விலை எட்டவில்லை. குழாய்களோடு சேரும் இடத்தில் பித்தளை யூனியன் போட்டோம். அடுத்த முறை கழற்றுவதற்கு ஒட்டை வெட்டத் தேவையில்லை, சாவி போட்டுத் திருப்பினால் போதும்.

புதிய பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னர் பழைய குழாய்களையும் தாங்கியையும் எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். இரும்புப் பெட்டியில் இருந்து வந்த துருச் சேறு வாளி வாளியாக வந்தது. தெளிந்த தண்ணீர் வரும் வரை விடவில்லை.

பெட்டியில் இருந்து ஏறும் குழாய் பெட்டியின் உச்சியில் இருந்து தொடங்க வேண்டும், இறங்கும் குழாய் அடியில் வந்து சேர வேண்டும். ஏறும் குழாய் தாங்கி வரைக்கும் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓர் இடத்திலாவது வளைந்து இறங்கி ஏறினால் காற்று அடைத்துச் சுற்று நின்றுவிடும். பழைய குழாய் ஒரு அங்குலம் என்றால் புதிய துண்டும் ஒரு அங்குலமாகவே இருக்க வேண்டும். செலவைக் குறைக்க அரை அங்குலம் போட்டால் 15 கிராம் வித்தியாசத்தில் ஓடும் தண்ணீர் ஓடாது. சாதாரண பி.வி.சி. குழாயை இந்த வேலைக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். சூட்டில் இளகிவிடும்.

இனிச் சொல்வது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். பொயிலருக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒருபோதும் வால்வு பூட்டக் கூடாது. தாங்கியின் உச்சியில் இருந்து மேலே போய், குளிர்தண்ணீர்த் தாங்கிக்கு மேலே வளைந்து திறந்திருக்கும் ஒரு குழாய் இருக்கும். அதுதான் மூச்சுக்குழாய். "மேலே சும்மா ஒரு குழாய் நிற்குது" என்று அதை யாராவது அடைத்துவிட்டால் பிறகு அந்த அடுப்பு ஒரு வெடிகுண்டு. தண்ணீர் நீராவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் எடுக்கும். அது வெளியேற வழி இருக்க வேண்டும். நாங்கள் அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, மேலே ஒரு பாதுகாப்பு வால்வும் கீழே தண்ணீர் வடிக்க ஒரு சின்னக் குழாயும் சேர்த்தோம். பெட்டியில் தண்ணீர் இல்லாமல் நெருப்பு மூட்டக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்.

குழாய்களைச் சுற்றி வெள்ளைச் சாந்து மாதிரி ஓர் உறை இருந்தது. பழைய வீடுகளில் அந்த உறையில் அஸ்பெஸ்டஸ் இருக்க வாய்ப்புண்டு. அதைச் சுரண்டினால் தூசி நெஞ்சுக்குள் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு நோயாக வரும். நாங்கள் உடையாமல் இருந்த உறையை உடைக்கவில்லை. துணி சுற்றி, தடிப்பாகப் பெயின்ட் அடித்து மூடிவிட்டோம். சுவரை உடைத்துக் குழாய்களைக் கழற்றியிருந்தால் அந்தத் தூசி முழுவதும் வீட்டுக்குள் வந்திருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்துச் செப்புக் குழாய்களின் ஒட்டில் ஈயம் இருக்கும். அதனால் அந்தச் சுடுதண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பாவிப்பதில்லை. பிளேன்டிக்குக் கேத்தலில் தனியாகத் தண்ணீர் வைக்கிறோம். குளிக்க, வுழூச் செய்ய, பாத்திரம் கழுவ மட்டும்தான் இந்தத் தண்ணீர்.

நானாவின் கவலையையும் நாங்கள் சும்மா விடவில்லை. அடுப்பின் முன்பக்கத்துக்கு ஓர் இரும்புக் கதவு போட்டோம். புகைக்கூட்டை உச்சி வரை துப்பரவாக்கினோம். பல வருடக் கரி இறங்கியது. புகை இப்போது முழுவதும் மேலேதான் போகிறது. குசினிச் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகும் வெள்ளையாகவே இருக்கிறது. காய்ந்த விறகு மட்டும்தான் எரிக்கிறோம். கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டம் என்றால் பலா, கோப்பி, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் கலந்து நிற்கும். மிளகுக் கொடி ஏறுவதற்குக் கிளிரிசீடியா மரம் நிற்கும். அதை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கிளை வெட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மிளகுக்கு வெயில் கிடைக்காது. இலை மாட்டுக்கும் பசளைக்கும் போகிறது. கொம்பை ஆறு மாதம் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்து எரிக்கிறோம். இதற்காக ஒரு மரத்தையும் அடியோடு வெட்டவில்லை. வேலை முடிந்த பிறகு கணக்கையும் படங்களையும் நானாவுக்கு அனுப்பினோம். கீசரோடு சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மிச்சக் காசில் உம்மாவின் குளியலறைக்குக் கைப்பிடியும் வழுக்காத தரையும் போடச் சொன்னார். போட்டோம்.

எல்லோரும் விறகடுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கண்டி டவுனில் மாடி வீட்டில் இருப்பவருக்கு விறகு ஏது, புகைக்கூடு ஏது? அவருக்குக் கீசர்தான் சரி. கேஸில் எரியும் ஹீட்டர் பூட்டுவோர் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1868இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸால் குளிதண்ணீர் சூடாக்கும் கருவியைச் செய்தார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரை வைத்து அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். அந்தப் பெயர்தான் இன்றும் நம் வாயில் இருக்கிறது. ஆனால் எரிந்த வாயு வெளியேற அதில் புகைக்கூடு இல்லை, அதனால் வீடுகளுக்கு ஆபத்தாக இருந்தது. மூடிய குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் வைப்பது இன்றைக்கும் அதே ஆபத்துதான். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. ஆள் மயங்கி விழும் வரை தெரியாது. தயவுசெய்து வெளியே பூட்டுங்கள்.

நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய பங்களாக்களும், பழைய குவாட்டர்ஸ்களும், பழைய கடை வீடுகளும் ஒவ்வொன்றாக உடைபடுகின்றன. சிலதை உடைக்கத்தான் வேண்டும். ஆனால் பல இடங்களில் ஒரு பெட்டி ஒழுகியதற்காக வீட்டின் நரம்பு முழுவதையும் பிடுங்கி எறிகிறோம். 'பழசு' என்று ஒரு சொல்லைச் சொன்னவுடன் மேற்கொண்டு யாரும் விசாரிப்பதில்லை. உடைக்க வருபவருக்கு விசாரிக்க நேரமில்லை, விசாரிப்பதால் அவருக்கு இலாபமும் இல்லை. விசாரிக்க வேண்டியது வீட்டுக்காரர்தான். ஒரு பென்சில் கோடும் ஓர் இரவும்தான் அதற்கு ஆன செலவு.

எங்கள் வாப்பா மௌத்தானது ஒரு டிசம்பர் மாதம், மழை நாள். அன்று ஊரில் கரண்ட் இல்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தேவையான இளஞ்சூட்டுத் தண்ணீர் முழுவதும் இந்தக் குழாயில்தான் வந்தது. குளிப்பாட்ட வந்தவர்கள் வாளி வாளியாகப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் தண்ணீர் கொதிக்க வைக்க ஓட வேண்டி இருக்கவில்லை. இதை நானாவிடம் உம்மாதான் போனில் ஞாபகப்படுத்தினா. அதற்குப் பிறகு அவர் உடைப்பதைப் பற்றிப் பேசவில்லை.

வேலை முடிந்த அன்று அந்தப் பெரியவரை உட்காரவைத்து, பொயிலர், குழாய்கள், தாங்கி, மூச்சுக்குழாய் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து வாங்கினோம். எது எந்த வருடம் மாற்றியது, எதில் வால்வு பூட்டக் கூடாது, அடுத்த முறை பெட்டியை எந்தப் பக்கத்தால் கழற்றுவது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, லெமினேட் செய்து அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். இன்னும் நாற்பது வருடத்தில் இதைக் கழற்றப் போவது எங்கள் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். அல்லது இந்த வீட்டை வாங்கப்போகும் வேறு யாராவதாக இருக்கலாம். அவர்கள் எங்களைத் தேடி அலையக் கூடாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய அடுப்பும் குழாயும் இருந்தால், உடைப்பதற்கு முன்னர் ஒரு முறை வந்து பாருங்கள். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்போம். பெரியவரும் இன்னும் திடமாக இருக்கிறார், கூப்பிட்டால் வருவார். அவருக்கு மட்டும் தெரிந்த இந்த வேலையை நம் பிள்ளைகளில் ஒருவராவது அவர் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டால் நல்லது. ஓ.எல். முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் யாராவது விரும்பினால் சொல்லுங்கள், நாங்கள் பேசிவிடுகிறோம்.

இப்போது ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் யூனிபோர்மும் எங்கள் அலமாரியில்தான் தொங்குகின்றன. அல்ஹம்துலில்லாஹ்.